இரண்டு மேசை, ஒரு மொய் நோட்டு

கல்யாண மண்டபத்தில் கூட்டம் நெரிகிறது. மொய் எழுத ஒரு மேசை போதாதென்று வாசலுக்கு இருபுறமும் மேசை போட்டுவிட்டார்கள். இடப்பக்கம் மாப்பிள்ளையின் சித்தப்பா, வலப்பக்கம் தாய்மாமன். ஆளுக்கொரு நோட்டு. வரிசை மளமளவென்று நகர்கிறது. சற்று நேரம் கழித்து மாப்பிள்ளையின் அப்பா வந்து, "மேலூர்க்காரர் எழுதிட்டாராப்பா?" என்று தம்பியிடம் கேட்கிறார். தம்பி நோட்டைப் புரட்டிவிட்டு, "இன்னும் இல்லைண்ணே" என்கிறார். மேலூர்க்காரரோ வலப்பக்க மேசையில் எழுதிவிட்டு எப்போதோ பந்திக்குப் போய்விட்டார். தம்பி பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் நோட்டு அப்படிச் சொல்கிறது.

இணையதளங்களுக்கும் இதே நிலை வருகிறது. ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருந்த தளத்துக்குக் கூட்டம் பெருகினால் இரண்டாவது, மூன்றாவது என்று சர்வர்களைச் சேர்ப்பார்கள். அவற்றின் முன்னால் லோட் பேலன்சர் ஒன்று நிற்கும். வருகிறவர்களை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. ஒரு பெண் தன் குழந்தையின் படத்தை ஏற்றுகிறாள். படம் முதல் சர்வரின் டிஸ்கில் போய் உட்காருகிறது. 'பதிவேற்றப்பட்டது' என்கிறது திரை. ஆசையோடு பக்கத்தை மறுபடி திறக்கிறாள். இந்த முறை லோட் பேலன்சர் அவளை இரண்டாவது சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே படம் இல்லை. மறுபடி திறந்தால் இருக்கிறது. இன்னொரு முறை திறந்தால் இல்லை.

'பதிவேற்றப்பட்டது' என்பது ஒரு வாக்கு. அதைக் கொடுத்தது முதல் சர்வர். மற்ற சர்வர்கள் அதற்குக் கட்டுப்பட்டவையா? கட்டுப்பட்டவை என்றால், எத்தனை நொடிக்குள்? பல கணினிகளின் டிஸ்குகளை ஒரே அலமாரிபோல எல்லா சர்வர்களுக்கும் காட்டும் மென்பொருளைப் பரவல் கோப்பு முறைமை என்கிறோம். சந்தையில் அப்படிப் பல உண்டு. அவற்றுள் எது வேகமானது என்று தேடத் தொடங்கினால் வழி தவறிவிடும். எந்தக் கோப்புக்கு எந்த வாக்கைக் கொடுக்கப்போகிறோம், அதற்கு என்ன விலை தரத் தயார் என்பதே தேர்வின் முதல் படி. இந்த அத்தியாயம் முழுக்க அந்த விலையைப் பற்றியதுதான்.

ஒற்றைக் கணினி காப்பாற்றிய வாக்கு

கோப்பைத் திற, எழுது, மூடு. தினமும் செய்கிற காரியம் என்பதால் அதற்குள் இருக்கும் உறுதிமொழிகளை நாம் கவனிப்பதில்லை. எழுதி முடித்தேன் என்று கணினி சொன்ன கணத்திலிருந்து யார் படித்தாலும் புதியதே கிடைக்க வேண்டும். ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் அது ஒரே வெட்டில் நடக்க வேண்டும். பாதி பழையது, பாதி புதியது என்ற நிலை எவர் கண்ணிலும் படக்கூடாது. இருவர் முறைப்படி பூட்டுக் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளுக்கான இத்தகைய விதிகளை 1988-இல் வெளிவந்த போசிக்ஸ் தரநிலை எழுத்தில் வடித்தது. அதை நம்பித்தான் உலகின் பெரும்பாலான மென்பொருள்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஒரே கணினிக்குள் இந்த வாக்கைக் காப்பது கடினமில்லை. எல்லாக் கோரிக்கைகளும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் வழியாகவே போகின்றன. நோட்டும் ஒன்று, எழுதுகிற கையும் ஒன்று.

இரண்டாவது கணினி வந்ததும் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். ஒரே அறைக்குள் அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நெட்வொர்க் கார்டு, சுவிட்ச், இரு பக்கத்து மென்பொருள் எல்லாவற்றையும் தாண்டி ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை மில்லிநொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். கணினி தன் நினைவகத்தில் ஒன்றைத் தேடி எடுக்க ஆவது சுமார் 100 நானோநொடி. 5,000 மடங்கு வித்தியாசம்.

அரை மில்லிநொடியை யார் கண்டார்கள் என்று தோன்றலாம். ஒரு பக்கத்தை உருவாக்க 300 சிறு கோப்புகளைத் தொடும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் துண்டுகள், வார்ப்புருக்கள், மொழிக் கோப்புகள் எல்லாம் சேர்ந்தால் இந்த எண்ணிக்கை எளிதில் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் 'மாறியிருக்கிறதா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால்கூட 150 மில்லிநொடி போய்விட்டது. உள்ளடக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட இன்னும் படிக்கவில்லை. பரவல் கோப்பு முறைமையின் விலை பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்னக் கேள்விகளில்தான் கசிகிறது. பெரிய கோப்பு ஒன்றை எத்தனை வேகத்தில் நகலெடுக்கிறது என்ற விளம்பர எண் இதைப் பற்றி எதுவும் சொல்லாது.

பொதுக் கிணறு

முதல் விடை மிக எளிமையானது. எல்லாக் கோப்புகளையும் ஒரே கணினியில் வை. மற்றவர்கள் நெட்வொர்க் வழியாக அங்கே வந்து மொண்டுகொள்ளட்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980-களின் நடுவில் உருவாக்கிய என்.எஃப்.எஸ். இப்படிப் பிறந்தது. நாற்பது ஆண்டு ஆகியும் இன்றைக்கும் பல தளங்கள் அதன்மேல் நிற்கின்றன.

அதன் தொடக்ககால வடிவமைப்பில் ஒரு துணிச்சலான முடிவு இருந்தது. யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதை மைய சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு கோரிக்கையும் தனக்கு வேண்டிய விவரம் அத்தனையையும் தானே சுமந்து வரும். இதனால் சர்வர் நின்றுபோய் மீண்டும் எழுந்தாலும், மற்ற கணினிகள் கேட்டதையே திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

ஆனால் நினைவில்லாத சர்வரால், 'நீ படித்த கோப்பு மாறிவிட்டது' என்று யாருக்கும் ஆள் அனுப்ப முடியாது. கேட்பவர்தான் அடிக்கடி வந்து விசாரிக்க வேண்டும். எப்போதும் விசாரித்தால் கிணற்றடியில் நெரிசல். விசாரிக்காவிட்டால் கையில் இருப்பது பழையது. எனவே ஒரு சமரசம் செய்தார்கள். ஒருவர் கோப்பை எழுதி மூடிய பிறகு, இன்னொருவர் அதைப் புதிதாகத் திறந்தால் புதியது கிடைக்கும். நடுவில் உறுதி கிடையாது. கோப்பின் அளவு, மாறிய நேரம் போன்ற விவரங்களைச் சிறிது நேரம் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் இந்த நேரத்தின் இயல்பான வரம்பு கோப்புகளுக்கு 3 முதல் 60 நொடி, கோப்புறைகளுக்கு 30 முதல் 60 நொடி. குழந்தையின் படம் இரண்டாவது சர்வரின் பட்டியலில் அரை நிமிடம் தாமதமாகத் தலைகாட்டினால், கோளாறு எதுவும் நடக்கவில்லை. அந்த முறைமை கொடுத்த வாக்கே அவ்வளவுதான்.

கிணறு ஒன்றே என்பது இன்னொரு ஆபத்து. மைய சர்வர் பதில் சொல்லாமல் போனால், என்.எஃப்.எஸ். வழக்கமான அமைப்பில் முடிவில்லாமல் காத்திருக்கும். தரவு கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இணைய சர்வரில் அதன் விளைவு கொடுமையானது. படம் கேட்ட செயல்முறை காத்து நிற்கும். அடுத்து வருபவருக்குப் புதிதாக ஒரு செயல்முறை; அதுவும் காத்து நிற்கும். சில நிமிடங்களில் இருக்கிற இடம் எல்லாம் நிரம்பி, படமே தேவைப்படாத பக்கங்களும் நின்றுவிடும். பத்து சர்வர் இருந்தாலும் பத்தும் ஒரே நேரத்தில் உறையும். சுமையைப் பிரித்தோம் என்று நினைத்தோம். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறோம்.

மாறினால் சொல்லி அனுப்புகிறேன்

அதே காலத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஐ.பி.எம். உதவியோடு வேறொரு முயற்சி நடந்தது. வளாகம் முழுக்கப் பரவும் ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு ஒரே கோப்பு முறைமை என்பது நோக்கம். ஆண்ட்ரூ கோப்பு முறைமை, சுருக்கமாக ஏ.எஃப்.எஸ். என்று பெயர். அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்யநாராயணன், சென்னை ஐ.ஐ.டி.யில் இளநிலையும் முதுநிலையும் படித்துவிட்டு அங்கே சென்றவர். ஏ.எஃப்.எஸ். குழுவுக்கு 2016-ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் விருது கிடைத்தது.

அவர்கள் கட்டிய முதல் மாதிரியில், பயனரின் கணினி முழுக் கோப்பையும் தன்னிடம் நகலெடுத்து வைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும், 'என் நகல் இன்னும் செல்லுமா?' என்று மட்டும் சர்வரிடம் கேட்டது. சிக்கனமான ஏற்பாடு என்றுதான் தோன்றும். அளந்து பார்த்தபோது, சர்வருக்கு வந்த கோரிக்கைகளில் 10-க்கு ஏறத்தாழ 9 இத்தகைய விசாரணைகளாக இருந்தன. கோப்பை அனுப்பு, வாங்கிக்கொள் என்ற உண்மையான வேலை 10-இல் ஒன்றுக்கும் குறைவு. 'மாறியதா, மாறியதா' என்ற நச்சரிப்பிலேயே சர்வர் களைத்துப்போனது.

திருத்தப்பட்ட வடிவில் அவர்கள் பொறுப்பைத் திருப்பிப் போட்டார்கள். 'நகலை எடுத்துப் போ. மாறினால் நானே சொல்லி அனுப்புகிறேன். சொல்லாதவரை உன் நகல் செல்லும்.' சர்வர் இப்போது யாரிடம் என்ன நகல் இருக்கிறது என்று நினைவில் வைக்க வேண்டும். அது கூடுதல் சுமைதான். ஆனால் வலையில் ஓடும் கேள்விகள் மடமடவென்று குறைந்தன. படிப்பது மிகுதி, மாற்றுவது அரிது என்ற இடத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். இணையதளங்களின் இயல்பும் அதுதானே: ஒரு முறை ஏற்றிய படத்தை ஆயிரம் பேர் பார்ப்பார்கள்.

இன்று நாம் தேர்ந்தெடுக்கப் பார்க்கும் எந்தக் கோப்பு முறைமையிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை இந்த வரலாறு தந்துவிடுகிறது: விசாரிக்கும் பொறுப்பு யாருடையது, சொல்லி அனுப்பும் பொறுப்பு யாருடையது?

பதிவேடே இல்லாத கிடங்கு

ஒரே கிணறு ஆபத்து என்றால் பல கணினிகளில் கோப்புகளைப் பரப்பலாம். அப்போது எந்தக் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்று யார் சொல்வது? அதற்கென ஒரு பதிவேட்டு சர்வர் வைத்தால், அதுவே புதிய ஒற்றைக் கிணறாகிவிடும்.

இந்த முடிச்சை வித்தியாசமாக அவிழ்த்தது கிளஸ்டர்-எஃப்.எஸ். அதன் பின்னால் இருந்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. அமெரிக்காவில் சூப்பர்கம்ப்யூட்டர் கட்டிய அனுபவத்தோடு வந்தவர், 2005-இல் தொடங்கிய நிறுவனத்தில் இதை உருவாக்கினார். கிளஸ்டரில் பதிவேடே கிடையாது. கோப்பின் பெயரை ஒரு கணக்கில் இட்டால் ஓர் எண் வரும். அந்த எண் எந்த வரம்பில் விழுகிறதோ அந்த வரம்புக்குரிய கணினியில் கோப்பு இருக்கும். பெயர் தெரிந்தால் இடம் தெரியும். யாரையும் கேட்க வேண்டாம். நிறுவனத்தை 2011-இல் ரெட் ஹேட் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

பெரிய கோப்புகளுக்கு இந்த ஏற்பாடு அழகாக வேலை செய்கிறது. ஆயிரம் சிறு கோப்புகளைத் தொடும் இணைய நிரலுக்கு அப்படியில்லை. பாதுகாப்புக்காக ஒரு கோப்பை மூன்று கணினிகளில் வைத்தால், அதைத் திறக்குமுன் மூன்று நகலும் ஒத்திருக்கின்றனவா என்று மூன்றிடமும் விசாரிக்க வேண்டும். இல்லாத கோப்பைத் தேடுவது இன்னும் சிரமம். பெயர் மாற்றம் போன்ற காரணங்களால் ஒரு கோப்பு கணக்கு சொன்ன இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கலாம். ஆகவே 'இல்லை' என்று அடித்துச் சொல்ல எல்லோரையும் கேட்டாக வேண்டியிருந்தது. பி.எச்.பி. மொழியில் எழுதிய இணைய நிரல்கள் ஒரு துண்டைத் தேடி நாலு கோப்புறைகளில் 'இங்கே இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டு போகும் பழக்கம் உடையவை. இரண்டும் சேர்ந்த இடத்தில் தளம் தவழ்ந்தது. பின்வந்த பதிப்புகளில் இதற்கு மருந்து சேர்த்தார்கள். நோயின் வேர் வடிவமைப்பிலேயே இருக்கிறது.

கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வெய்ல் உருவாக்கி 2006-இல் அறிமுகப்படுத்திய செஃப் இதே எண்ணத்தை வேறு வழியில் எடுத்துச் சென்றது. தரவு எங்கே என்பதைக் கணக்கு சொல்லும். கோப்பின் பெயர், அளவு, உரிமை போன்ற மெட்டாடேட்டாவுக்குத் தனியாக சர்வர்கள் உண்டு. சுமை கூடினால் அவை தங்களுக்குள் கோப்புறை மரத்தைக் கிளை கிளையாகப் பங்கு போட்டுக்கொள்ளும். எந்த சர்வர் எந்தக் கோப்பைத் தன்னிடம் வைத்திருக்கலாம் என்று அனுமதி கொடுத்து, தேவைப்பட்டால் திரும்பப் பெறும். ஏ.எஃப்.எஸ். கற்றுத்தந்த 'சொல்லி அனுப்புகிறேன்' இங்கேயும் வாழ்கிறது. விலை என்னவென்றால், பாகங்கள் அதிகம். கண்காணிப்பு சர்வர்கள், மெட்டாடேட்டா சர்வர்கள், ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு செயல்முறை என்று பரந்து கிடப்பதை இரவு இரண்டு மணிக்கும் புரிந்துகொள்ளத் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டு சர்வர் மட்டும் உள்ள தளத்துக்கு அது குருவி தலையில் பனங்காய்.

மூன்றாவது ஆள்

பலர் பணத்தை மிச்சப்படுத்த இரண்டே நகலோடு நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது. இரண்டு சேமிப்பு சர்வர்களுக்கு நடுவே கேபிள் அறுந்துவிடுகிறது. இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று நினைத்து, வருகிற எழுத்துகளைத் தானே ஏற்றுக்கொள்கிறது. கேபிள் சரியான பிறகு பார்த்தால் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கோப்புகள்; இரண்டுக்குமே தானே அசல் என்ற உறுதி. மூளை பிளந்த நிலை என்பார்கள் துறைசார்ந்தோர். எதை வைத்துக்கொள்வது என்று இயந்திரத்தால் தீர்ப்புச் சொல்ல முடியாது. மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒருவருடைய எழுத்து கட்டாயம் அழியும்.

எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்து, கில்பர்ட்டும் லிஞ்சும் 2002-இல் நிறுவிய தேற்றம் சொல்வது இதைத்தான். வலையமைப்பு பிளந்திருக்கும் நேரத்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்: எல்லோருக்கும் ஒரே விடை, அல்லது எல்லோருக்கும் உடனே விடை. இரண்டையும் சேர்த்துத் தர எவராலும் முடியாது.

மூன்றாவது ஆளைச் சேர்த்தால் தீர்ப்பு எளிதாகிறது. மூவரில் இருவர் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தால் அவர்கள் பெரும்பான்மை, எழுதலாம். தனித்து விடப்பட்டவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் வழியாக வந்த பயனருக்குச் சற்று நேரம் 'முடியவில்லை' என்று பதில் போகும். பொய்யான 'பதிவாகிவிட்டது' என்பதைவிட நேர்மையான 'முடியவில்லை' மேலானது. மூன்றாவது முழு நகலுக்கு டிஸ்க் வாங்க வசதியில்லாவிட்டால், கோப்பின் பெயரையும் விவரத்தையும் மட்டும் வைத்திருக்கும் நடுவர் ஒருவரை கிளஸ்டரில் நிறுத்தலாம். இரண்டு நகலோடு திருப்திப்படும் எந்தத் திட்டத்தையும் இந்த ஒரு காரணத்துக்காக நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நகல் வேறு, காப்புப் பிரதி வேறு. தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், மூன்று நகலிலும் அது அதே நொடியில் ஒழுங்காக அழிக்கப்படும். வேறோர் இடத்தில், வேறொரு நேரத்தில் எடுத்துவைத்த பிரதிதான் அப்போது காப்பாற்றும்.

வைக்கோற்போரும் ஊசியும்

பரவல் கோப்பு முறைமையைப் பற்றிய மிகப் பெரிய பாடம் ஃபேஸ்புக்கின் படக்கிடங்கிலிருந்து வந்தது. 2010-இல் அதன் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைப்படி, அப்போது பயனர்கள் ஏற்றிய படங்கள் 6,500 கோடி. ஒவ்வொன்றும் நான்கு அளவுகளில் சேமிக்கப்பட்டதால் மொத்தம் 26,000 கோடி. 20 பெட்டாபைட்டுக்கு மேல். வாரத்துக்கு 100 கோடி புதிய படங்கள். உச்ச நேரத்தில் நொடிக்கு 10 லட்சம் படங்களுக்கு மேல் பரிமாற வேண்டும்.

தொடக்கத்தில் அவர்களும் என்.எஃப்.எஸ். சேமிப்புப் பெட்டிகளில்தான் வைத்திருந்தார்கள். ஒரு படத்துக்கு ஒரு கோப்பு. ஒரு கோப்புறையில் ஆயிரக்கணக்கான கோப்புகள். ஒரே படத்தைப் படிக்க டிஸ்க் 10 முறைக்கு மேல் அலைய வேண்டியிருந்தது. கோப்புறைக்குச் சில நூறு படம் என்று குறைத்த பிறகும் 3 முறை: கோப்புறை விவரத்துக்கு ஒன்று, கோப்பின் விவரத்துக்கு ஒன்று, கடைசியாகப் படத்துக்கு ஒன்று. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். அங்குமிங்கும் தாவிப் படித்தால் நொடிக்குச் சுமார் 100 தாவல்தான் முடியும். மூன்றில் இரண்டு தாவல் விசாரணைக்கே போனால் டிஸ்குகளில் மூன்றில் இரண்டு பங்கை வீணுக்கு வாங்கியிருக்கிறோம் என்று பொருள்.

பிரபலமான படங்களை இடையில் தாங்கிக்கொள்ளும் விநியோக வலைகள் உண்டு. ஆனால் மக்கள் பழைய படங்களையும் பார்க்கிறார்கள். என்றோ போன சுற்றுலா, இறந்துபோன தாத்தா. அந்தக் கோரிக்கைகள் எல்லாம் கிடங்கின் கதவைத்தான் தட்டும்.

அவர்கள் தங்கள் படங்களின் இயல்பைக் கூர்ந்து பார்த்தார்கள். படம் ஒரு முறை எழுதப்படுகிறது, அடிக்கடி படிக்கப்படுகிறது, திருத்தப்படுவதில்லை, அரிதாக நீக்கப்படுகிறது. பூட்டு வேண்டாம், உரிமை விவரம் வேண்டாம், கோப்புறை மரம் வேண்டாம். போசிக்ஸின் வாக்குகளில் பெரும்பாலானவை இந்தத் தரவுக்குத் தேவையே இல்லை. ஆனால் ஒவ்வொரு படிப்புக்கும் அவற்றின் விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று கண்டுகொண்டார்கள்.

எனவே ஹேஸ்டாக், அதாவது வைக்கோற்போர் என்ற புதிய கிடங்கைக் கட்டினார்கள். 100 ஜிகாபைட் அளவுள்ள பெரும் கோப்புகள். அவற்றுக்குள் லட்சக்கணக்கான படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு படத்துக்கும் ஊசி என்று பெயர். எந்த ஊசி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பு மட்டும் நினைவகத்தில். சாதாரணக் கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் விவரம் நினைவகத்தில் 536 பைட் பிடித்த இடத்தில், இங்கே படத்துக்குச் சுமார் 10 பைட். 26,000 கோடியால் பெருக்கிப் பாருங்கள்: 139 டெராபைட் எங்கே, 2.6 டெராபைட் எங்கே! எல்லாக் குறிப்பும் நினைவகத்தில் அடங்கியதால், டிஸ்க் ஒரே ஒரு முறை தாவினால் படம் கையில். வைக்கோற்போரில் ஊசி தேடுவது நம் ஊரில் ஆகாத காரியத்துக்குச் சொல்லும் உவமை. எங்கே ஊசி என்ற குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டால் அதுவே எளிய காரியம் என்று அவர்கள் காட்டினார்கள்.

இந்தப் பாதையில் அவர்கள் தனியாக இல்லை. லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் குழு எழுதிய மொகைல்-எஃப்.எஸ்., வழக்கமான கோப்பு முறைமையாக நடிப்பதையே கைவிட்டு, பெயரைக் கொடுத்தால் கோப்பைத் தரும் எளிய 'பொருள் கிடங்காக' அமைந்தது. அமேசான் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்3 அதே கருத்தைக் கடைச்சரக்காக்கியது. எழுதிய மாற்றம் உடனே எல்லோருக்கும் தெரியும் என்ற முழு உறுதியை எஸ்3 கொடுக்க 2020 டிசம்பர் வரை ஆனது. அதுவரை, இருக்கும் பொருளின்மேல் எழுதினால் சற்று நேரம் பழையது கிடைக்கலாம் என்ற நிபந்தனையோடுதான் உலகம் அதைப் பயன்படுத்தியது. கிளஸ்டரை உருவாக்கிய ஆனந்த் பாபு பெரியசாமி 2014-இல் அடுத்ததாகத் தொடங்கிய மினியோவும் எஸ்3 வகைப் பொருள் கிடங்குதான். கோப்பு முறைமையின் ஆழம் கண்டவர் இந்தப் பக்கம் வந்ததை நான் முக்கியமான சாட்சியாகக் கருதுகிறேன்.

நான்கு குவியல்

இனி நம் தளத்துக்கு வருவோம். ஃபேஸ்புக் அளவு நமக்கு இல்லை. நான்கைந்து சர்வர், ஒரு லோட் பேலன்சர். எந்த முறைமை என்று கேட்பதற்கு முன், தளத்தின் கோப்புகளை நான்கு குவியலாகப் பிரிக்க வேண்டும்.

முதல் குவியல், நிரல். வாரத்துக்குச் சில முறை மாறுவது. நொடிக்கு ஆயிரம் முறை படிக்கப்படுவது. இதைப் பகிரவே கூடாது. ஒவ்வொரு சர்வரின் சொந்த டிஸ்கிலும் ஒரு நகல் இருக்கட்டும். புதிய பதிப்பைத் தனிக் கோப்புறையில் முழுதாக இறக்கிவிட்டு, கடைசியில் சுட்டியின் பெயரை ஒரே வெட்டில் மாற்றினால் போதும். 300 கோப்புகளுக்கான 150 மில்லிநொடி அந்த இடத்திலேயே மறைந்துவிடும்.

இரண்டாவது, செஷன். யார் உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்ற குறிப்பு. பி.எச்.பி. இதை இயல்பாகக் கோப்பில் வைத்து, பக்கம் முடியும்வரை பூட்டும். வலையின் குறுக்கே பூட்டு என்பது பரவல் முறைமைகள் செய்வதிலேயே விலை உயர்ந்த வேலை. செஷனை மெம்கேஷ்டு, ரெடிஸ் போன்ற நினைவகக் கிடங்குக்கோ தரவுத்தளத்துக்கோ மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, கேச்சும் தற்காலிகக் கோப்புகளும். தொலைந்தால் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம் என்பதே இவற்றின் இலக்கணம். அந்தந்த சர்வரின் டிஸ்கில் இருக்கட்டும்.

நான்காவது, பயனர்கள் ஏற்றியவை. வேர்ட்பிரஸ் தளமென்றால் அதன் அப்லோட்ஸ் கோப்புறை. தொலைந்தால் திரும்பாது, எல்லா சர்வருக்கும் தெரிய வேண்டும். பரவல் கோப்பு முறைமை தேவைப்படுவது இதற்கு மட்டும்தான். நான்கும் ஒரே குவியலாகக் கிடந்தபோது மலையாகத் தெரிந்த பிரச்சினை இப்போது கைக்கு அடங்குகிறது.

நிரலை மாற்றி எழுத முடிந்தால் பொருள் கிடங்கே முதல் தேர்வு. பழைய மென்பொருள், கோப்புறைதான் வேண்டும் என்கிறதா? சில நிமிட நிறுத்தத்தைத் தாங்க முடிந்தால், மாற்று சர்வர் ஒன்று தயாராக நிற்கும் என்.எஃப்.எஸ். போதும், அதன் எளிமை ஒரு பெரும் சொத்து. நிற்கவே கூடாது என்றால் மூன்று நகலோடு கிளஸ்டரோ செஃப்போ. அந்த இரண்டில் எது என்பதை, உங்கள் குழுவில் யாருக்கு எது பழக்கம் என்பதே பாதி தீர்மானிக்கும்.

எதை எடுத்தாலும் ஒரு பழக்கம் பல தொல்லைகளைத் தீர்க்கும். ஏற்றிய கோப்பின்மேல் மறுபடி எழுதாதீர்கள். திருத்திய படத்துக்குப் புதுப் பெயர் கொடுங்கள். ஒரு பெயருக்கு என்றென்றைக்கும் ஒரே உள்ளடக்கம் என்றால், கையில் இருக்கும் நகல் பழையதாகிவிட்டதா என்ற கேள்வியே எழாது. கேள்வி இல்லாத இடத்தில் விலையும் இல்லை.

முடிவெடுக்குமுன் சோதித்துப் பாருங்கள். ஒரு பெரிய கோப்பை நகலெடுத்து நேரம் பார்ப்பது சோதனை ஆகாது. உங்கள் தளத்தின் உண்மையான சிறு கோப்புகளை, உண்மையான கூட்டத்தோடு ஓடவிடுங்கள். இல்லாத கோப்புகளையும் கேளுங்கள். பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சேமிப்பு சர்வரின் கேபிளைப் பிடுங்குங்கள். தளம் எத்தனை நொடி தடுமாறுகிறது, கேபிளைத் திரும்பச் செருகியதும் விட்டுப்போன கோப்புகள் தாமாகச் சேர்கின்றனவா, அந்த நேரத்தில் 'பதிவேற்றப்பட்டது' என்று சொன்ன அத்தனை கோப்புகளும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் அந்த முறைமை வாக்குத் தவறியது.

மண்டபத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பணம் எழுதுவதை இரண்டு மேசையிலும் தொடரவிட்டார்கள். கூட்டல் இரவில் போட்டால் போதும். 'யார் எழுதிவிட்டார்கள்' என்ற கேள்விக்கு மட்டும் ஒரு சிறுவனை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் எழுதப்படும் பெயர்களை உடனுக்குடன் ஒரே தாளில் குறிக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுத வேண்டியதில்லை. எது உடனே எல்லோருக்கும் தெரிய வேண்டுமோ அதைப் பிரித்தெடுத்தால் போதும். அந்தப் பெண் பக்கத்தை எத்தனை முறை திறந்தாலும், எந்த சர்வர் வழியாக வந்தாலும், குழந்தையின் படம் அதே இடத்தில் இருக்க வேண்டும். மற்ற மூன்று குவியல்களையும் நாம் ஒதுக்கிவைத்தது இந்த ஒன்றுக்காகத்தான்.